பூசாத மடத்தின் மேல் பாத்தி கட்டினோம்

1

இந்த வாரத்தோடு நாங்கள் பிரான்சுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காலையில் எழுந்தால் அடுப்படியில் கேசரி வாசம். எதற்கு என்று பாக்கியத்திடம் கேட்டேன். "ஒம்பது வருசமா ஒரே ஊர்ல குப்பை கொட்டியிருக்கோம்ல, அதுக்குத்தான்" என்றாள் என் மனைவி. அவள் எதையும் இப்படித்தான் கொண்டாடுவாள்.

கேசரியை வாயில் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தேன். மேட்டின் மேல் அந்த மடம் நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுதித் தொலைத்தாலாவது அடங்குமா என்று பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லை. இல்லை என்று சொல்வதும் பொய். ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் மச்சினன் திருச்சுழியில் இருக்கிறான். "அந்த ஊர்ல மாதா கோவில் கோபுரம் எம்புட்டு உசரம் மாமா?" என்று போன தடவை கேட்டான். இந்த மடத்துக்குக் கோபுரமே கிடையாது. ஓடு கிடையாது, வளைவு கிடையாது, சுதைச் சிற்பம் ஒன்று கிடையாது. சரிவான மேட்டில் காங்கிரீட் கால்களை ஊன்றி, அதன் மேல் நாலு பக்கமும் காங்கிரீட் கட்டடம். மேல்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், கீழ்ப்பக்கம் அந்தரத்தில் நிற்கும். மேலே இரண்டு அடுக்கும் வரிசையாக அறைகள். ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற அகலம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டில், ஒரு மேசை, பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு சின்னப் பால்கனி. கோவில் என்பது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற உயரமான பெட்டி. உள்ளே போனால் கும்மிருட்டு. சுவரில் வெட்டிய கீற்றுகள் வழியாகச் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் விழும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது ஒன்று. ஒரு சுவருக்கும் பூச்சு இல்லை. பலகை அடித்துக் காங்கிரீட் ஊற்றி, பலகையைப் பிரித்தவுடன் அப்படியே விட்டுவிட்டார்கள். பலகையின் வரி, ஆணி இருந்த இடம், ஜல்லி பிதுங்கிய இடம் எல்லாம் தெரியும். முதல் தடவை பார்த்தபோது பாக்கியம் மூக்கில் விரலை வைத்தாள். "பாவம், பூசறதுக்குள்ள கையில காசு தீந்துபோச்சு போல" என்றாள். எங்கள் ஊர் அருப்புக்கோட்டையில் பூசாத வீட்டுக்காரன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இங்கே அதைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஆள் வருகிறான், சுவரைத் தடவிப் பார்த்துப் படம் எடுக்கிறான்.

2

இந்த மடம் டொமினிக்கன் சபையாருடையது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அந்தப் புனிதரைச் சாமிநாதர் என்பார்கள். வெள்ளை அங்கி, வெளியே போகும்போது அதன் மேல் கறுப்புப் போர்வை. எழுநூறு வருஷத்துக்கும் மேலாக இவர்களுக்குத் தொழில் பிரசங்கம்தான். ஆரம்பத்தில் பிச்சை எடுத்துச் சாப்பிட்டு ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். உண்மை என்பதுதான் இவர்களுடைய குறிக்கோள் வார்த்தை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது என் கழுத்துக்கு வரும்.

இவர்களுடைய பழைய மடம் கீழே பட்டணத்தில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் சாமியார்களை விரட்டிவிட்டு அங்கே பட்டாளத்துக் குதிரைகளைக் கட்டினார்களாம். பிறகு திரும்பி வந்தார்கள். அப்புறம் இன்னொரு சர்க்கார் வந்து மறுபடியும் விரட்டியது. பக்கத்து நாட்டில் வருஷக்கணக்கில் ஒண்டியிருந்துவிட்டுத் திரும்பினார்கள். பெரிய யுத்தம் முடிந்ததும் இளைஞர்கள் கூட்டங் கூட்டமாகச் சாமியாராக வந்து சேர்ந்ததில் பட்டணத்து மடம் போதவில்லை. அதற்காகத்தான் இந்த மேட்டில் நூறு பேர் படிக்கத் தங்க ஒரு புது மடம், புது மாதிரிக் கட்டடம்.

கட்டி முடித்துப் பத்து வருஷம் ஆகவில்லை, பையன்கள் ஒவ்வொருவராக அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார் ஆனான், ஒருவன் கல்யாணம் செய்துகொண்டான். நூறு அறையில் இப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய கிழவர்கள். அவர்களுக்குத் தலைவரைப் பெரிய சாமியார் என்று நான் சொல்வேன். நெடுநெடுவென்று ஒல்லியாக, எப்போதும் எதையோ தேடுகிறவர் மாதிரி நடப்பார். அவரும் என்னைப் போலத்தான், ஓர் இடத்தில் நிற்க மாட்டார்.

நான் எப்படி இங்கே வந்தேன்? ஓவர்சியர் படிப்பு முடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு இன்ஜினியரிடம் வேலை பார்த்தேன். அவர் ஊர் திரும்பும்போது என்னையும் இழுத்துக்கொண்டு வந்து ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். காங்கிரீட் உத்தரம், படி எல்லாவற்றையும் கொட்டகைக்குள்ளேயே அச்சில் வார்த்து லாரியில் அனுப்புகிற கம்பெனி. எட்டு வருஷமும் கூரைக்குக் கீழேதான் வேலை. வெயில் படாத, மழை படாத, ஆவி அடித்துப் பதப்படுத்துகிற காங்கிரீட். அதைக் காங்கிரீட் என்று சொல்லவே எனக்கு மனசு வராது.

3

இனி கார்டு விஷயம். இங்கே இருப்பதற்கு ஒரு கார்டு வேண்டும். அது போன டிசம்பரோடு முடிகிறதாக இருந்தது. நிரந்தர வேலை என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நீண்ட காலக் கார்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வெளியாள் வந்தது போதும் என்று சர்க்கார் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம்.

கார்டு கொடுக்கிற ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் மகள் செல்வியைக் கூட்டிப்போவேன். வந்தபோது நாலு வயசு, இப்போது பதின்மூன்று. "அப்பா, நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன்" என்பாள் வாசலிலேயே. காரணம் இருக்கிறது. ஒரு தடவை கிளம்பும்போது நம் வழக்கப்படி "போய்ட்டு வாரேன்" என்பதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். "வராதீர்கள், இன்னும் ஃபைல் தயாராகவில்லை" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள். பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

கார்டு கிடைக்காவிட்டால் என்ன என்று ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் பேச்சு வந்தது. "என்ன, நம்ம ஊருக்குப் போகவேண்டியதுதான்" என்றேன்.

"நான் வரல" என்றாள் செல்வி. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வரலைன்னா? எங்க இருப்பே?"

"இங்கதான். உங்க ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? ஒரு தடவ போனதுக்கே எல்லாரும் என் கன்னத்தக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிட்டாங்க."

பாக்கியம் முகம் விழுந்துவிட்டது. எனக்குச் சுரீர் என்றது. கோபப்பட்டிருக்கலாம், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கும் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, அங்கே போகவும் மனசில்லை. இருக்கிற ஊரில் போகிற நினைப்பு, போகிற ஊரில் திரும்புகிற நினைப்பு. அவளாவது ஒரு பக்கம் நிற்கிறாள். அவளுக்காகவாவது அந்தக் கையெழுத்தை வாங்கியாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மடத்துக் கூரை ஒழுக ஆரம்பித்தது. நூலகத்துக்கு மேல் தட்டையான தளம், அதன் மேல் மண் போட்டுப் புல் வளர்த்திருந்தார்கள். மண்ணை அள்ளிவிட்டு மேலே ஒரு புதுக் காங்கிரீட் பூச்சு போட வேண்டும். எங்கள் கம்பெனி அதை எடுத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். வாய் வார்த்தை குறைச்சல், கை மட்டும் பேசும் மனுஷர். "இந்த வேலையை நீ பார். நல்லபடியாக முடிந்தால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வானத்துக்குக் கீழே ஒரு தளம்.

4

எங்கள் தெருவில் முதல் காங்கிரீட் தளம் போட்டது என் அப்பாதான். அறுபதுகளின் ஆரம்பம். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் நின்றார். எந்த நாட்டிலும் வாசலில் நிற்பது எங்கள் குடும்பத்துக்குப் புதுசு இல்லை. பந்தல்குடி ரோட்டில் லாரி வந்து மூட்டையை இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. தளம் போட்ட அன்றைக்குக் கொத்தனார், சித்தாள் எல்லாருக்கும் கறிச்சோறு.

மறுநாள்தான் நிஜமான வேலை. தளத்தின் மேல் களிமண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, தண்ணீர் நிறுத்த வேண்டும். வயலில் நாற்றுக்கு நிறுத்துகிற மாதிரி. வெயிலில் காங்கிரீட் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துப் போகும். வாரக்கணக்கில் அது தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு.

நேரமோ சித்திரை வெயில். கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. குடிக்கிற தண்ணீர் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். அப்பா இரண்டு வண்டியைத் தளத்துக்கே பேசி வைத்துவிட்டார். எதிர் வீட்டு அன்னத்தாய் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத் தெருவில் நின்று கத்தினாள்.

"குடிக்க ஒரு செம்புத் தண்ணிக்கு நாய் பேயா அலையுறோம். இவுக வீட்டுக் கூரைக்குல்ல விருந்து நடக்குது! நல்லா குடிக்கட்டும், குடிச்சு வயிறு வீங்கட்டும்!"

அப்பா கேட்காத மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து குரல் வரும்: "ஏலே, வெயில் ஏறுது, தளம் காயுதுலே!" நான் படியில் ஓடுவேன். உச்சி வெயிலில் பாத்தியில் காலை வைத்தால் தண்ணீர் வெந்நீராகச் சுடும். அன்னத்தாயின் கத்தல் ஒரு காதில், அப்பாவின் குரல் இன்னொரு காதில். இப்போதும் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் இரண்டும் சேர்ந்துதான் கேட்கிறது.

5

போன அக்டோபர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மடத்துத் தளத்தில் காங்கிரீட் போட்டு முடித்தோம். வேலையாட்கள் அதன் மேல் தார்ப்பாய் விரித்து, வைக்கோல் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இங்கே சனி, ஞாயிறு என்றால் உலகம் தூங்கும்.

சனிக்கிழமை காலையில் நல்ல வெயில். தெற்கிலிருந்து காய்ந்த காற்று. ஐப்பசி மாதத்தில் இப்படி ஒரு காற்றா! காப்பியைப் பாதியில் வைத்தேன். செல்வியைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் முடி மாதிரி ஒரு கீறல்! இன்னொரு ஓரத்தில் இன்னொன்று. போச்சுடா! என் கையெழுத்து, என் கார்டு, எல்லாம் அந்தக் கீறலுக்குள் போகிற மாதிரி இருந்தது.

அப்புறம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. தார்ப்பாயை உருவினேன், வைக்கோலை ஒதுக்கினேன். மடத்துத் தோட்டத்தில் களிமண் வெட்டிக்கொண்டுவந்து வரப்புப் போட ஆரம்பித்தேன். பெரிய சாமியார் தளத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"என்ன செய்கிறான் உன் அப்பா?" என்று செல்வியைக் கேட்டார்.

"தளத்துக்குத் தண்ணி குடுக்கப் போறாராம். தாகமா இருக்காம்" என்றாள் செல்வி பிரெஞ்சில், கேலியாக.

அவர் சிரிக்கவில்லை. "தண்ணீர் எங்கே?" என்றார்.

குழாய், மாடியில் சாமியார்களின் அறைகள் இருக்கிற நடையில் இருந்தது. அந்த நடைக்குள் பெண்கள் காலெடுத்து வைக்கக் கூடாது, அது பழைய சட்டம். பல சட்டங்களைத் தளர்த்திவிட்டார்கள், இதை இன்னும் விடவில்லை. ஆகவே பெரிய சாமியாரே வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வாளியை எடுத்தார். அவர் குழாயிலிருந்து கதவு வரைக்கும், செல்வி கதவிலிருந்து வரப்பு வரைக்கும், நான் வரப்புக்குள்ளே. மத்தியானம் வரைக்கும் வாளி கை மாறிக்கொண்டே இருந்தது.

களைத்துப்போய் மூவரும் கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்தபோது அவர் தன் சபையின் கதையைச் சொன்னார். நான் மேலே எழுதியதெல்லாம் அவர் சொல்லி, செல்வி எனக்குத் தமிழில் சொன்னதுதான். "என்னுடைய குருமார்கள் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களும் அங்கே ஆபீஸ் ஆபீஸாகத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள்தான்" என்றார். பிறகு அறைகள் இருந்த பக்கத்தைக் காட்டினார். "நூறு பேருக்குக் கட்டினோம். யாரும் இருக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை." செல்வி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பாத்தியில் தண்ணீர் அசையாமல் நின்றது. மேகம் அதில் தெரிந்தது. எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மனசு நிறைந்திருந்தது.

6

திங்கட்கிழமை விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். வெளியே புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. உறைபனி! அந்த வருஷத்தின் முதல் உறைபனி. ஊரே அதை எதிர்பார்த்துத்தான் தார்ப்பாயும் வைக்கோலும் போட்டிருக்கிறது. வெயிலுக்கு என்று நான் உருவிப் போட்டது, குளிருக்கு என்று அவர்கள் போர்த்திய போர்வை. அதற்குள் எட்டுப் பனிக்காலம் பார்த்தவன்தான். ஆனால் தளத்தைக் கண்டதும் புத்தி அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டதே, என்ன செய்ய!

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். செல்வியும் பின்னால் ஓடி வந்தாள். பாத்தியெல்லாம் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். பூட்ஸ் காலால் ஓர் இடத்தில் உதைத்தார். கட்டியோடு சேர்ந்து காங்கிரீட்டும் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது.

"யார் செய்தது இதை?"

பெரிய சாமியார் கதவருகே வந்து நின்றார். என்னைப் பார்த்தார்.

செல்வி என் காதோரம் தமிழில் சொன்னாள், அவசர அவசரமாக: "அப்பா, மழை பேஞ்சுச்சுன்னு சொல்லிருவோம். காத்துல தார்ப்பாய் பறந்துருச்சு, மழை பேஞ்சு தேங்கிருச்சு. நான் சொல்றேன், நீங்க சும்மா இருங்க."

எனக்கும் அது வாய் வரைக்கும் வந்தது. வரப்பு மட்டும் எப்படி நேர்கோட்டில் பெய்தது என்று கேட்டால்? அது கிடக்கட்டும், சாமியாரை வைத்துக்கொண்டு எப்படி? அவர் பொய் சொல்ல மாட்டார், என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார். அந்தத் தவிப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் தண்ணி நிறுத்தினேன்னு சொல்லு தாயி. ஏன்னும் சொல்லு. வத்தக் கடை, வண்டித் தண்ணி, அன்னத்தா ஏசுனது, எல்லாத்தையும் சொல்லு."

செல்வி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு வார்த்தையில் அவள் இங்கேயே இருந்துவிடலாம், அந்த வார்த்தையை நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். அந்த வீட்டில், அந்தத் தெருவில் அவளே வளர்ந்தவள் மாதிரி சொன்னாள். கண்மாய் வெடித்ததை, மாட்டு வண்டியை, காலிக் குடத்தை. அன்னத்தாய் வயிறு வீங்கட்டும் என்று ஏசியதைச் சொல்லும்போது அவளைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்! நான் எப்போதோ சொன்னதெல்லாம் காதில் விழவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன். கடைசியில் "அப்பா மட்டும் ஊற்றவில்லை. நானும் ஊற்றினேன்" என்றாள்.

"நானும்" என்றார் பெரிய சாமியார். "பாதி வாளி என்னுடையது."

முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். "அப்படியானால் மூன்று பேரும் சேர்ந்து கொத்தி எடுங்கள். பனி கொட்டுவதற்குள்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

கொத்தினோம். நான் தினமும், செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பெரிய சாமியார் ஜெபத்துக்கும் ஜெபத்துக்கும் நடுவில். வெள்ளை அங்கியில் சிமெண்டுத் தூசியோடு அவர் கோவிலுக்குப் போவதைப் பார்த்து மற்றக் கிழவர்கள் முணுமுணுத்தார்களாம். பாக்கியம் மூன்று பேருக்கும் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டாள். "கறிச்சோறு போடாம தளம் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று ஒரு வாரம் திட்டினாள்.

7

முதலாளி நிரந்தரக் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார். "தளத்தை மறுபடியும் போட்டு முடி, அப்புறம் பேசுவோம்." ஒரு வருஷக் கார்டு வந்தது. அதில் பாதி இப்போதே ஓடிவிட்டது.

இந்த வியாழக்கிழமை மறுபடியும் தளம் போட்டோம். இந்தத் தடவை பாக்கியம் விடவில்லை. வேலையாட்கள் அத்தனை பேருக்கும் கறிச்சோறு, காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நல்ல ஜூன் மாத வெயில். "இப்போது ஊற்று உன் தண்ணீரை" என்றார். நம்ப மாட்டீர்கள், வரப்புக்குக் களிமண் மிதித்துக் கொடுத்ததும் அவர்தான்.

நேற்றைக்கும் ஊற்றினோம். இருந்தும் ராத்திரி சரியான தூக்கம் இல்லை. இந்தத் தளம் நின்றால் கையெழுத்து. நிற்காவிட்டால் டிசம்பரில் எந்த ஊரில் இருப்போமோ தெரியாது. இதோ எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

வெளியே சைக்கிள் மணி கேட்கிறது. செல்வியின் சிநேகிதிகள், ஏரிக்குப் போகக் கூப்பிட வந்திருக்கிறார்கள். அவள் தலை சீவி, புது கவுன் போட்டுத் தயாராகத்தான் நிற்கிறாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து மேட்டைப் பார்க்கிறாள். மேட்டில் வெள்ளையாக ஓர் உருவம் கையை ஆட்டுகிறது. கையில் வாளி.

அவள் சிநேகிதிகளிடம் என்னவோ சொல்கிறாள். அவர்கள் சைக்கிளைச் சுவரில் சாத்துகிறார்கள். செல்வி அடுப்படியில் நுழைந்து, வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே என் பக்கம் வருகிறாள்.

"அப்பா, அப்புறமா எழுதுங்க. வெயில் ஏறுது. நம்ம தளம் காயுது."